பல்கலைக்கழகத்தை ஆள்வார் யார்?

(திருவேற்காட்டில் தமிழன்பர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கூவம் ஆற்றங்கரையில் அமைந்த இத் திருவேற்காடு, சம்பந்தர் பாடிய பழம்பதி. மூர்க்க நாயனார் பிறந்த ஊர். இதற்கு அணித்தே உள்ள குன்றத்தூரில்தான் அந்நாயனார் வரலாற்றை எழுதிய சேக்கிழார் பிறந்தார். கருமாரியம்மன் கோயிலுக்கு வருவோரால் இன்று பெயர் பெற்றிருக்கும் இவ்வூரைச் சுற்றி, கடந்த சில பத்தாண்டுகளில் வேறொரு வகைக் கோயில்களும் எழுந்துள்ளன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கும், ஆவடிச் சாலையிலும், அம்பத்தூரை நோக்கிய வழியிலும் பொறியியற் கல்லூரி, பன்மருத்துவக் கல்லூரி, கலை அறிவியற் கல்லூரி என்று கட்டடங்கள் நிரைநிரையாக நிற்கின்றன. விடியற்காலையில் மஞ்சள் வண்டிகள் மாணவரை ஏற்றிக்கொண்டு விரைகின்றன. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் பணம் கட்டுகின்றனர்.

இக் கல்லூரிகளுட் பல பட்டம் வழங்கும் உரிமை உடையன அல்ல. கலைக்கல்லூரியாயின் சென்னைப் பல்கலைக்கழகமும், பொறியியற் கல்லூரியாயின் அண்ணா பல்கலைக்கழகமும் பட்டம் தரவேண்டும். பாடத்தை வகுப்பது பல்கலைக்கழகம். வினாத்தாளை அமைப்பது பல்கலைக்கழகம். ஆசிரியர் தகுதியை ஆராய்வது பல்கலைக்கழகம். இறுதியில் மாணவன் கையிற் கொடுக்கும் தாளுக்கு மதிப்பைத் தருவதும் பல்கலைக்கழகம். ஆகவே, அப் பல்கலைக்கழகத்தை யார் ஆள்கிறார் என்னும் வினா ஏதோ பெரியவர்கள் பேசித் தீர்க்கும் வினா அன்று. திருவேற்காட்டில் வண்டிக்குக் காத்து நிற்கும் ஒவ்வொரு மாணவனுடைய வினாவும் ஆகும். அவ் வினாவே இவ்வுரையின் பொருள்.

வெள்ளையர் விட்டுச் சென்ற நாற்காலி

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு செபுதம்பர் 5-ஆம் நாள் சட்டத்தால் நிறுவப்பெற்றது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அவ்வாண்டிலேயே தோன்றின. வெள்ளையராட்சியை எதிர்த்துப் படைவீரர் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டு அது. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் படியாகக் கொண்டு அமைந்த அக்கழகம் தொடக்கத்தில் கற்பிக்கும் கழகம் அன்று. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் கழகமே. ஆள்வோர்க்குத் தேவையான அலுவலரை உருவாக்குவதே அதன் தலையாய வேலையாயிருந்தது. அக் கழகத்தின் வேந்தர் என்னும் நாற்காலியில் மாநிலத்து ஆளுநரே அமர்ந்தார். ஆண்டவர் வெள்ளையர்; எனவே கல்வியின் தலையிலும் வெள்ளையரே இருந்தார். இதில் வியப்பொன்றும் இல்லை.

பின்னர்க் கர்சன் காலத்தில் 1904-ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. பேரவை உறுப்பினர் 50 பேர்க்குக் குறையாமலும் 100 பேர்க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்றும், அவருட் பெரும்பாலோரை வேந்தரே அமர்த்துவார் என்றும் அச்சட்டம் வகுத்தது. பழைய மூன்று பல்கலைக்கழகங்களிலும் தேர்ந்தெடுக்கப்படுவோர் 20 பேரே. பேரவை இயற்றும் விதிகளைத் திருத்தவும் மாற்றவும் அரசு உரிமை எடுத்துக்கொண்டது. கற்றவர் அவை என்று பெயர். ஆள்வோர் அவை என்பதே உண்மை.

நாடு விடுதலை பெற்றது. வெள்ளையர் கப்பலேறினர். ஆனால் அவர் அமர்ந்திருந்த நாற்காலி மட்டும் அகற்றப்படவில்லை. விடுதலைக்குப் பின் எழுந்த பல்கலைக்கழகச் சட்டங்களிலும் 'ஆளுநர் தம் பதவியினால் வேந்தர் ஆவார்' என்னும் தொடரே பெரும்பாலும் படியெடுக்கப்பெற்றது. இந்திய அரசியலமைப்பு ஆளுநரை வேந்தராக இருக்கச் சொல்லவில்லை. அப்பதவி மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டங்களால் தரப்பட்டதே. கொடுத்த கைக்கு எடுக்கவும் உரிமை உண்டன்றோ? ஒன்றிய மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010-ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், அரசியலமைப்புச் சாராத இத்தகைய பதவிகளை ஆளுநர்மேற் சுமத்தலாகாது என்றே பரிந்துரைத்தது.

ஆட்சிமன்றத்தில் தமிழ் பட்ட பாடு

'துணைவேந்தர் யாராயிருந்தால் தமிழுக்கு என்ன?' என்று கேட்பார் உளர். அவர்க்கு வரலாறே விடை கூறும்.

1902-ஆம் ஆண்டளவில், கல்லூரிப் பாடத்திட்டத்திலிருந்து நாட்டுமொழிகளை நீக்கிவிடும் எண்ணம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தலையெடுத்தது. சூரியநாராயணன் என்னும் தம் பெயரைப் பரிதிமாற்கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்ட அப் பெருமகனார், பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதனை எதிர்த்து நின்றார். எழுதியும் பேசியும் சான்றோரைத் திரட்டியும் அவர் போராடியிராவிடில், தமிழ் அன்றே கல்லூரி வாயிலுக்கு வெளியே நின்றிருக்கும். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்னும் கருத்தை வலியுறுத்திய அவர் 1903-இல், தம் 33-ஆம் அகவையில் மறைந்தார்.

அந்த இடர் நீங்கிச் சில ஆண்டுகளே கழிந்தன. கல்லூரி வகுப்புகளில் தாய்மொழிப் பாடம் கட்டாயமில்லை என்னும் நிலையைப் பல்கலைக்கழகம் உண்டாக்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராயிருந்த வேதாசலனார் 1911-இல் அப்பணியை விட்டு நீங்கினார். பல்லாவரத்திற் குடியேறிய அவரே 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள். பல்கலைக்கழகம் தமிழைக் கைவிட்டபொழுது, பல்கலைக்கழகத்திற்கு வெளியே தமிழ் தனக்கென்று ஓர் இயக்கத்தைக் கண்டது என்க.

பாவாணர் வாழ்க்கையும் இதனையே காட்டும். சொல்லாராய்ச்சியிற் கடல்போன்ற அறிவுடைய அவர் 1956-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1961-இல் அதனை விட்டு நீங்கினார். அவர் அகரமுதலிப் பணிக்குத் தமிழ்நாட்டரசு தனித் திட்டம் வகுத்து அவரை இயக்குநராக அமர்த்தியது 1974-இல். இடையில் 13 ஆண்டுகள் ஓடிப்போயின. அவர் 1981 சனவரியில் மறைந்தார். செந்தமிழ்ச் சொற்பிறப்பியற் பேரகரமுதலியின் முதன்மடலம் வெளிவந்தது 1985-இல். உரிய அகவையில், உரிய இடத்தில், உரிய துணையுடன் அவரை இருத்தத் தெரிந்த பல்கலைக்கழக ஆட்சி ஒன்று அந்நாளில் இருந்திருப்பின், அப் பேரகரமுதலியைப் பாவாணர் தம் கண்ணாலேயே கண்டிருத்தல் கூடும்.

அண்மைச் செய்தி ஒன்றும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-ஆம் ஆண்டு கட்டுமானப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியிற் கற்பிக்கப்படலாயின. 2023 மே திங்களில், அப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் அத் தமிழ்வழிப் படிப்பு நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வெளியாயிற்று. தமிழ்நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தபின் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறப்பட்டது நன்றே. ஆயினும், தமிழ்நாட்டின் தலைநகரில், அண்ணா பெயர் தாங்கிய கழகத்தில், தமிழ்வழிக் கல்வியை மூடும் முடிவு ஒரு நாளில் வெளியாகக் கூடுமாயின், அம்முடிவை எடுக்கும் அவையில் தமிழுக்காகக் குரல் கொடுக்க ஒருவரும் இல்லை என்பதன்றோ பொருள்? சேர்ந்த மாணவர் குறைவு என்றனர். நூலும் ஆசிரியரும் வேலைவாய்ப்பும் தராமல், சேர்க்கை குறைவென்று மூடுதல், நீரூற்றாமல் வாடவிட்டுப் பின் வாடிய செடியென்று பிடுங்கி எறிதலை ஒக்கும்.

தலையில்லாக் கழகங்கள்

துணைவேந்தரை அமர்த்தும் உரிமை பற்றி நடந்த பூசலைக் கால முறைப்படி அறிதல் நன்று.

கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அதனைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டு சென்றது. எதிர்க்கட்சித் தலைவர் பலர் சிறையிலிருந்தபொழுது பறிக்கப்பட்ட உரிமை அது. அதன் விளைவு அரை நூற்றாண்டாகத் தொடர்கின்றது. பல்கலைக்கழக நல்கைக் குழு 2018-இல் வகுத்த விதிகள், துணைவேந்தரைத் தேடும் குழுவில் நல்கைக் குழுத்தலைவரின் சார்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்றன. மாநிலச் சட்டமும் அவ்விதியும் முரணினால் விதியே மேலோங்கும் என்று உச்ச நயன்மன்றம் 2022-இல் குசராத்து, கேரள வழக்குகளிற் கூறியது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 ஏப்பிரலில், துணைவேந்தரை அமர்த்தும் உரிமையை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் சட்டமுன்வரைவுகளை நிறைவேற்றியது. அவை ஆளுநர் மாளிகையில் உறங்கின. 2023 நவம்பரில் ஆளுநர் ஒப்புதல் மறுத்துத் திருப்பியனுப்பினார். அதே நவம்பர் 18-இல் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி, தேங்கிக் கிடந்த பத்து முன்வரைவுகளை மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநரோ அவற்றைக் குடியரசுத் தலைவர்க்கு அனுப்பிவைத்தார். வழக்கு உச்ச நயன்மன்றம் ஏறியது. 2025 ஏப்பிரல் 8-இல், ஆளுநர் செயல் சட்டத்திற்கு மாறானது என்றும், பத்து முன்வரைவுகளும் ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றும் தீர்ப்பு வந்தது. மே 21-இல் சென்னை உயர் நயன்மன்றம், துணைவேந்தர் அமர்த்தம் பற்றிய சட்டப்பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20-இல், குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்கு விடையளித்த ஐவர் அமர்வு, ஆளுநர்க்குக் காலவரையறை விதிக்க மன்றத்திற்கு இடமில்லை என்றும், ஒப்புதல் தந்ததாகக் கொள்ளும் முறைக்கும் இடமில்லை என்றும் கருத்துரைத்தது.

இவ்வளவும் நடந்த காலத்தில் பல்கலைக்கழகங்கள் என்னாயின? கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி 2022 அக்டோபரில் ஒழிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகத்திலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகத்திலும் அப்பதவி ஒழிந்தது. 2023 செபுதம்பரில், தேடற்குழுவில் நல்கைக் குழுச் சார்பாளர் வேண்டும் என்று ஆளுநரும், மாநிலச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அரசும் மாறுபட்டு நின்றமையால் தேடலே தொடங்காமற் போயிற்று. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த சென்னைப் பல்கலைக்கழகம், ஈராண்டு கடந்தும் துணைவேந்தரின்றி, உயர்கல்விச் செயலர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழுவால் நடத்தப்பெற்றது. கோட்டையில் நூறு வேலை சுமக்கும் ஓர் அலுவலர், நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளைக் கொண்ட ஒரு கழகத்தையும் சுமந்தால், எதனைச் செவ்வனே செய்வார்?

இந்நிலையில் 2025 சனவரியில் நல்கைக் குழு வெளியிட்ட வரைவு விதிகள், தேடற்குழு அமைக்கும் உரிமையை வேந்தர்க்கே அளித்து, மாநில அரசுக்கு அதில் இடமே இல்லாமற் செய்தன. கல்வித்துறைக்கு வெளியே தொழில்துறையிலோ ஆட்சித்துறையிலோ இருந்தாரும் துணைவேந்தர் ஆகலாம் என்றன. சனவரி 9-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலம் தமிழருடையது, வரிப்பணம் தமிழருடையது, மாணவர் தமிழர் மக்கள். அவர்களுக்கு வழிகாட்டும் அறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் தில்லிக்கா?

ஈழத்திலும் இந்நிலையே. 1974-இல் தோன்றிய யாழ்ப்பாண வளாகம் பின்னர்த் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குப் பல்கலைக்கழகப் பேரவை மூவர் பெயரை அனுப்பலாம். அமர்த்துபவர் கொழும்பிலுள்ள குடியரசுத் தலைவர். 2019-இல் அதன் துணைவேந்தர் குடியரசுத் தலைவரால் பதவியிலிருந்து நீக்கப்பெற்றார். தமிழர் கல்வியின் திறவுகோல் எங்கும் தமிழர் கையில் இல்லை என்பதே இரு நாட்டு நிலையும் காட்டும் உண்மை.

வீட்டுக்குள் இருக்கும் நோய்

உரிமைப் போரைப் பேசிவிட்டு உள்ளிருக்கும் அழுக்கைப் பேசாது விடுதல் நேர்மையாகாது. தில்லியைப் பழிக்கும் நாவுக்குத் தன் வீட்டுக் குறையைக் கூறும் துணிவும் வேண்டும்.

கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தில், உதவிப் பேராசிரியர் பணிக்காக 30 இலக்க உருபா கையூட்டுப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பெற்றுத் துணைவேந்தர் ஒருவரே 2018 பிப்பிரவரியில் தளையிடப்பட்டார். துணைவேந்தர் பதவிகளுக்குப் பல கோடி உருபா கைமாறியதாக அந்நாளைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித்து 2018 அக்டோபரில் வெளிப்படையாகவே பேசினார். விலை கொடுத்து வாங்கிய பதவியிலிருந்து விலை பெறாமல் எவன் பணி வழங்குவான்? பணங்கொடுத்துப் பணி பெற்றவன் எவ்வாறு மனங்கொடுத்துக் கற்பிப்பான்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தோன்றிய பெருமைமிக்க கழகம். தேவைக்கு மிஞ்சிய பணியாளரையும் வரவுக்கு மிஞ்சிய செலவையும் சுமந்து அது தள்ளாடியபொழுது, 2013 ஏப்பிரலில் அரசு ஆட்சியாளர் ஒருவரை அமர்த்திப் பின்னர்ச் சட்டத்தால் அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான பணியாளர் பிற அரசு நிறுவனங்களுக்கு மாற்றப்பட நேர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊதியத்திற்காகவும் ஓய்வூதியத்திற்காகவும் ஆசிரியரும் பணியாளரும் வாயிலில் அமர்ந்து போராடினர். 2024 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை, 424 கோடி உருபா வரி நிலுவை என்று கூறி வருமானவரித் துறை முடக்கியது. கணக்கைக் காலத்தில் எழுதாத வீடு அயலான் பூட்டுக்கு ஆளாவது இயல்பே.

தமிழ்ப் பல்கலைக்கழகமே இந்நோய்க்குத் தப்பவில்லை. தஞ்சையில் 1981 செபுதம்பர் 15-இல், வ. அய். சுப்பிரமணியம் முதல் துணைவேந்தராக, உலகத் தமிழர் நெஞ்சங்குளிரத் தொடங்கப்பெற்ற கழகம் அது. வாழ்வியற் களஞ்சியமும் அறிவியற் களஞ்சியமும் தந்த அக் கழகத்தில், 2017, 2018-ஆம் ஆண்டுகளில் நடந்த பணியமர்த்தங்கள் முறையற்றன என்று முறையீடு எழுந்தது. அச்சிக்கலின் தொடர்பில் 2024 நவம்பரில், ஓய்வு பெறும் நாள் நெருங்கிய நிலையில், துணைவேந்தர் ஆளுநரால் பணியிடை நீக்கம் செய்யப்பெற்றார். அதன்பின் பொறுப்பு யார்க்கு என்பதிலும் பூசல். தமிழின் பெயரால் எழுந்த கழகத்தில் தமிழாய்வு பேசப்படாமல் நாற்காலி பேசப்பட்டது.

திருவேற்காட்டுப் பெற்றோர் உணரவேண்டிய செய்தி இன்னொன்று. ஒரே ஆசிரியர் ஒரே காலத்திற் பல பொறியியற் கல்லூரிகளிற் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டமையை 2024 சூலையில் அறப்போர் இயக்கம் வெளிப்படுத்தியது. அண்ணா பல்கலைக்கழகமும் ஆராய்ந்து, அத்தகைய முறைகேடு நடந்தமையை ஒப்புக்கொண்டது. ஓர் உடல் ஒரே காலத்திற் பல இடங்களில் இருப்பதைப் புராணங்களிற் படிக்கலாம்; கல்லூரியாய்வு அறிக்கையிலும் படிக்கும் நிலை வந்தது. ஆய்வுக்குச் சென்றவர் கண்ணை மூடிக்கொண்டனர் என்பதன்றி வேறென்ன? பாடம் நடத்த ஆளில்லாத வகுப்பிற்குப் பெற்றோர் பணம் கட்டினர் என்பதே அதன் பொருள்.

ஆகவே, ஆளுநரிடமிருந்து உரிமையைப் பறித்து அமைச்சரிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் சீராகும் என்று கருதுதல் பேதைமை. தில்லியிலிருந்து உரிமை சென்னைக்கு வரவேண்டும், அது முதற்படி. சென்னைக் கோட்டையிலிருந்து அது பல்கலைக்கழகத்திற்கு வரவேண்டும். அது இரண்டாம் படி. முதற்படியில் மட்டும் ஏறி நிற்பவன் மாடிக்குப் போனவன் ஆகான்.

உத்தரமேரூர் காட்டும் வழி

இதற்கு மேலைநாட்டை மட்டும் பார்க்க வேண்டுவதில்லை. இத் தொண்டை நாட்டிலேயே, காஞ்சி மாவட்டத்து உத்தரமேரூரில், முதற்பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையை விளக்குகின்றன. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, அவையோர் காண ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். அகவை 35-க்குக் குறைந்தாரும் 70-ஐக் கடந்தாரும் தகார். அண்மையில் மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தார் மீண்டும் தகார். யாதேனும் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தார் தகார். அவர் உறவினரும் தகார்.

அவ்வூர் பார்ப்பனர்க்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம் என்பதும், நிலமும் வேதப்படிப்பும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. அப் பிறப்புத் தகுதியை இன்று குப்பையில் எறியவேண்டும். ஆனால் அம்முறையின் மூன்று கூறுகள் பொன்போன்றவை: தேர்வு அவையோர் கண்முன் நடந்தது, ஒருவரே தொடர்ந்து பதவியைப் பிடித்துக்கொள்ள இடமில்லை, கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் சுற்றத்துக்கும் மறுபதவி இல்லை. இம் மூன்றுள் ஒன்றேனும் இன்றைய பல்கலைக்கழகங்களில் உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். திருவள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை ஆள் தேர்விற்கே ஒதுக்கினார். ஆராயாமல் நம்புதலும், நம்பியபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே கேடு என்பது அவர் தெளிவு.

மேலைநாட்டுச் சான்றும் இதற்கு மாறன்று. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழக வேந்தரை அரசு அமர்த்துவதில்லை. அங்குப் பட்டம் பெற்றோரும் ஆசிரியரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். 2024-இலும் அவ்வாறே நடந்தது. துணைவேந்தர் பெயரை ஒரு குழு முன்மொழிய, ஆசிரியர் பேரவை ஒப்புகின்றது. எண்ணூறு ஆண்டைக் கடந்த அக்கழகம் அதனாற் குலைந்துவிடவில்லை.

செய்ய வேண்டுவன

இவற்றால் தெளியப்படும் சீர்திருத்தங்கள் ஆறு.

முதலாவது, கல்வி மாநிலப் பட்டியலுக்கு மீள வேண்டும். மாநில உரிமைகளை ஆராயத் தமிழ்நாட்டரசு 2025 ஏப்பிரலில் முன்னாள் நயனர் குரியன் சோசப்பு தலைமையில் குழு அமைத்தது. அத்தகைய முயற்சிகள் ஏட்டோடு நில்லாமல் மக்கள் இயக்கமாக வேண்டும். இவ்வேர்ச் சிக்கல் தீராதவரை, எச்சட்டம் இயற்றினும் நல்கைக் குழுவின் ஒரு விதி அதனை வெட்டிவிடும்.

இரண்டாவது, வேந்தர் பதவி ஆளுநர்க்கும் வேண்டா, அமைச்சர்க்கும் வேண்டா. கட்சிச் சார்பற்ற, தமிழ் கற்ற, பழுத்த அறிஞர் ஒருவரைப் பல்கலைக்கழகப் பேரவையே தேர்ந்தெடுக்கட்டும். அது மதிப்புப் பதவியாக இருக்கட்டும்.

மூன்றாவது, துணைவேந்தர் பதவி ஒரு நாளும் ஒழிந்து கிடத்தலாகாது. காலம் முடிவதற்கு ஆறு திங்கள் முன்னரே தேடல் தொடங்குமாறு சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். வேண்டுகை விடுத்தோர் பெயரும் தகுதியும், தேர்ந்தெடுத்ததற்குரிய கரணியமும் மக்கள் காண வெளியிடப்பட வேண்டும். இருட்டில் நடக்கும் தேர்விலேதான் பணப்பை கைமாறும்; வெளிச்சத்தில் அதன் கை கூசும்.

நான்காவது, பேரவையும் கல்விக்குழுவும் தலையாட்டும் அவைகளாக இராமல் வினவும் அவைகளாக வேண்டும். பல்கலைக்கழக ஆசிரியரேயன்றி, திருவேற்காடு போன்ற புறநகர்க் கல்லூரி ஆசிரியரும் மாணவரும் பட்டம் பெற்றோரும் வாக்களித்துத் தம் சார்பாளரை அனுப்ப வேண்டும். கல்லூரியாய்வுக்குச் செல்லும் குழுவின் அறிக்கை, அக் கல்லூரி வாயிலிலேயே தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஆசிரியர் பெயர்ப்பட்டியலைப் பெற்றோரும் மாணவரும் படித்தால், ஓர் ஆசிரியர் பல கல்லூரிகளில் இருக்கும் மாயம் ஒரு கிழமையில் மறையும்.

ஐந்தாவது, வரவு செலவுக் கணக்கும் பணியமர்த்தப் பட்டியலும் ஆண்டுதோறும் தமிழில் அச்சிடப்பெற வேண்டும். உத்தரமேரூர் விதிப்படி, கணக்கு முடிக்காதவர்க்கு வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி தரலாகாது. அதே வேளையில், அரசு தான் தரவேண்டிய நல்கையைக் குறையாமல் தரவேண்டும். பட்டினி போட்டுவிட்டுக் கணக்குக் கேட்பது முறையன்று.

ஆறாவது, பல்கலைக்கழக ஆட்சிமொழி தமிழாக வேண்டும். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே இயற்றப்பட்டது. ஆட்சிக்குழு நடவடிக்கைகளும் பதிவாளர் ஆணைகளும் மாணவர்க்கு விடுக்கும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் மட்டும் வருவது, மக்களை வாயிலில் நிறுத்துவதாகும். தமிழ்வழிப் படிப்பைத் தொடங்கவோ மூடவோ எண்ணும் எந்த முடிவும், பேரவையில் வெளிப்படையாகப் பேசப்பட்டு வாக்கெடுக்கப்பட்ட பின்னரே நடைமுறைக்கு வரவேண்டும். தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. பணியில் ஒதுக்கீடு தந்துவிட்டு, படிப்பில் வாயிலை அடைத்தல் பொருந்துமா?

கடைப்பந்தியில் அமர்ந்தவர்

'இவ்வளவும் நடக்குமா? ஆட்சியிலிருப்போர் தம் கையிலுள்ளதைத் தாமே விடுவாரா?' என்று சிலர் ஐயுறலாம். விடமாட்டார், விடுவிக்க வேண்டும். பரிதிமாற்கலைஞர்க்கு எந்த அரசும் துணை நிற்கவில்லை. மறைமலையடிகட்கு எந்தப் பல்கலைக்கழகமும் பீடம் தரவில்லை. 2023-இல் தமிழ்வழிப் பொறியியலை மூடும் அறிவிப்பைத் திரும்பப் பெறச் செய்தது ஆணையன்று. தமிழ் மக்களின் குரல். குரல் எழும்பிய இடத்தில் வெற்றி கிடைத்துள்ளது. குரல் ஓய்ந்த இடத்தில் தமிழ் தோற்றுள்ளது.

எனவே இவ்வூரார் செய்யத்தக்க வேலை எளியது. தம் பிள்ளை படிக்கும் கல்லூரியின் ஆசிரியர் பட்டியலைப் பெற்றோர் எழுத்தில் கேட்கலாம்; தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்துள்ளது, அதனைக்கொண்டு பல்கலைக்கழகத்தின் கணக்கைக் கேட்கலாம்; கேள்வியைத் தமிழில் எழுதி, விடையையும் தமிழிலேயே கேட்கலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம், துணைவேந்தர் தேர்வை வெளிச்சத்தில் நடத்துவீரா என்று வினவலாம். நூறு பேர் கேட்டால் அது முறையீடு. பதினாயிரவர் கேட்டால் அது சட்டம்.

மூர்க்க நாயனார் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அடியார்க்கு உணவளிப்பதற்கென்று தாம் ஈட்டிய பொருளை அவர் தம் கையால் தீண்டாமல், உணவு சமைப்பாரிடமே சேரச் செய்தார். எல்லாரும் உண்டபின் கடைப்பந்தியிலேயே தாம் அமர்ந்து உண்டார். பொருள் ஈட்டிய வழி இன்றைக்கு ஒவ்வாது போகலாம். பொதுப்பொருளைத் தீண்டாத கையும், கடைப்பந்தியில் அமரும் உள்ளமும் என்றும் ஒவ்வுவன. பல்கலைக்கழகத்தை ஆள்வார் யார் என்னும் வினாவிற்கு விடை அதுவே. முதற்பந்திக்கு முந்துவார் ஆளலாகாது. மாணவர் உண்டபின் உண்பாரே ஆளவேண்டும். அத்தகையாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தமிழர்க்கு வேண்டும். அவ்வுரிமையை விலைபேசாமற் காக்கும் நேர்மையும் தமிழர்க்கே வேண்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் கல்வியுரிமை!